காலி வண்டியில் வந்த முகூர்த்தம்

சாமி,

போன வாரம் சேலத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் உன் அப்பன் மானம் போனது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் உன் அம்மா முந்திக்கொண்டு போனில் ஒன்றுக்கு இரண்டாகச் சேர்த்துச் சொல்லிவிடுவாள். வீடியோவெல்லாம் சேர்த்து வைக்கிற எஸ்எஸ்டி ஒன்று காட்டம்மா என்று கேட்டேன். கடைப் பெண் ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்து, தீப்பெட்டியை விடக் கொஞ்சம் நீளமாக, மெலிசாக ஒரு சாமானை என் உள்ளங்கையில் வைத்தாள். எடையே இல்லை. நான் பழக்க தோஷத்தில் அதைக் காதோரம் கொண்டுபோய் நாலு ஆட்டு ஆட்டினேன்.

“அங்கிள், என்ன பண்றீங்க?”

“உள்ள ஏதாச்சும் ஆடுதான்னு பாக்கறேன்மா.”

“உள்ள ஆடறதுக்கு ஒண்ணுமே கிடையாது அங்கிள். அதுக்குத்தான் எல்லாரும் இதை வாங்கறாங்க.”

பக்கத்தில் நின்ற ஒருத்தன், “பெரியவர் கூமுட்டையான்னு பாக்கறாருங்க” என்றான். கடையே சிரித்தது. நாமக்கல் முட்டையை லாரியில் ஏற்றி ஊர் ஊராக இறக்கியே தலை நரைத்தவன் நான் என்பது அவனுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் சிரித்திருப்பான். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். சிரித்துக்கொண்டே இரண்டு வாங்கினேன்.

எதுக்குங்கப்பா என்று நீ கேட்பாய். காரணம் உன்னுடைய போன்தான். கல்யாண வேலை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்த நீ, கடைசியில் ஏதோ சாப்பாட்டில் உப்புக் குறைவு என்று சொல்வது மாதிரி, “வீடியோ வேண்டாங்கப்பா. போட்டோ மட்டும் போதும்” என்றாய். நான் “சரி சாமி” என்றேன். போனை வைத்ததும் உன் அம்மா கேட்டாள், “என்னங்க சொன்னான்?” சொன்னேன். “ஊர்க் கல்யாணத்தையெல்லாம் புடிச்சுக் குடுத்தவனுக்கு, அவன் கல்யாணத்துக்கு வீடியோ இல்லீங்களா?” என்று என்னைப் பார்த்தாள். நான் வெளியே போய் வண்டி டயருக்குக் காற்று சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒவ்வொரு டயராகத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

நீ ஏன் வேண்டாம் என்கிறாய் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் உனக்குத் தெரியும். இத்தனை வருஷமாக நாம் இரண்டு பேரும் அதைச் சுற்றித்தான் போய் வந்துகொண்டிருக்கிறோம், நடுரோட்டில் குழி இருந்தால் வண்டியை ஒடித்துப் போகிற மாதிரி. இன்றைக்கு நேராக இறக்கி ஓட்டிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். பத்தாவதோடு நின்றவன் எழுத்து. கோணல் மாணலாகத்தான் வரும். பொறுத்துக்கொள்.

வெண்ணந்தூரில் நீ ஸ்டுடியோ போட்ட காலத்தில், போர்டில் பெயர் உன்னுடையது, உள்ளே என்ன சாமான் வாங்குவது என்பதில் பேச்சு என்னுடையது. கேமராவைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. தெரியாததால்தான் அவ்வளவு பேசினேன் போலிருக்கிறது. ஒரு நாள் நீ வந்து, புதுசாக எஸ்எஸ்டி என்று ஒன்று வந்திருக்கிறது, கல்யாணம் பிடிப்பதையெல்லாம் அதில் வைத்தால் பயமில்லை, வாங்கட்டுமா என்று கேட்டாய்.

“ஹார்டு டிஸ்க் இருக்குதே?”

“அதுல உள்ள ஒரு தட்டு சுத்திக்கிட்டே இருக்குமுங்கப்பா. ஓடறப்ப அடி பட்டா தட்டுல கீறல் விழுந்துரும். இதுல சுத்தறது எதுவுமே இல்லீங்க.”

“சுத்தாம எப்படிரா ஓடும்?”

“இது ஓடவே ஓடாதுங்கப்பா.”

“ஓடாத பொருளுக்கா இந்த வெலை?”

உன் அம்மா அடுப்படியிலிருந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பு என் பக்கம் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் ஒரு பிரசங்கம் வைத்தேன், நினைவிருக்கிறதா? பேரிங் போகப்போகிறதென்றால் ஒரு சத்தம், பெல்ட் தளர்ந்தால் ஒரு சத்தம், ஸ்பிரிங் பட்டையில் ஒரு தகடு ஒடிந்தால் ஒரு சத்தம். வண்டி என்றைக்கும் சொல்லாமல் நிற்காது, கேட்கிற காது இருந்தால் போதும் என்றேன். ஹார்டு டிஸ்க்கும் கெட்டுப்போகும் முன்னால் டிக் டிக்கென்று சொல்லும் என்று நீதானே சொன்னாய், உன் எஸ்எஸ்டி சொல்லுமா என்று கேட்டேன். நீ பொய் சொல்லவில்லை. “சொல்லாதுங்கப்பா. போனா ஒரேயடியாப் போயிரும். அதுக்குத்தான் எதுல வெச்சாலும் ரெண்டு காப்பி எடுக்கறது” என்றாய். “ரெண்டு காப்பிக்கு ரெண்டு ஹார்டு டிஸ்க் போதும், வெலையும் குறைச்சல்” என்று நான் முடித்துவிட்டேன். அடுத்த முகூர்த்த மாதத்திலும் கேட்டாய். அப்போதும் அதே பதில்தான். நீ எப்போதும் என்னை ஜெயிக்க விட்டுவிடுவாய். அப்படி விட்டுக்கொடுத்தே என்னைக் கெடுத்தாய்.

பள்ளிபாளையத்தில் நீ வீடியோ பிடிக்கப் போன கல்யாணத்தன்று நான் ஈரோட்டில் முட்டை இறக்கிவிட்டு, உன்னையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு போகலாம் என்று நம் மினி லாரியோடு மண்டபத்துக்கு வந்தேன். விசைத்தறி வைத்திருக்கிற குடும்பம், நல்ல மனுஷர்கள். பெண்ணின் அப்பாவே கையைப் பிடித்துப் பந்திக்குக் கூட்டிக்கொண்டு போனார். பாயசம் இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிக் குடித்தேன். நீ மணமகள் அறைக்குப் பக்கத்தில் ஒரு மூலையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். சட்டை முதுகு நனைந்திருந்தது. கேமரா கார்டில் இருந்ததையெல்லாம் ஒரு ஹார்டு டிஸ்கில் இறக்கிவிட்டு, முகூர்த்தத்துக்குப் பிந்தின சடங்கும் பந்தியும் பிடிக்க அதே கார்டுகளை அழித்து மறுபடி போட்டிருந்தாய். ஆக முகூர்த்தம் அந்த ஒரு டிஸ்கில் மட்டும்தான் இருந்தது. அதிலிருந்து இரண்டாவதுக்குக் காப்பி ஏறிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்துக் கோழிப்பண்ணையிலிருந்து எனக்குப் போன், லோடு தயார், வண்டி எங்கே என்று.

“அப்பா, காப்பி ஏறி முடியட்டுமுங்க. இல்லாட்டி நீங்க போங்க, நான் பஸ்ஸுல வாரேன்.”

“இத்தனை சாமானத் தூக்கிட்டு பஸ்ஸுலயா? மடியில வெச்சுக்கிட்டு உக்காரு. ஏறிட்டே வரட்டும்.”

“வண்டி ஆடுமுங்கப்பா.”

“நான் ஓட்டினா முட்டையே உடையாது. உன்ற டப்பா உடைஞ்சுருமா?”

இதைச் சொன்னபோது சுற்றி நாலு பேர் இருந்தார்கள். அதுவும் ஒரு காரணம். முட்டை ஒன்று கூட உடையாமல் மலைப்பாதை இறக்கினவன் என்று எனக்கு ஒரு பேர் இருந்தது. ஆனால் அந்தப் பேர் எப்படி வந்தது என்பதை நான் மறந்துவிட்டேன். முட்டை உடையாமல் வந்தது லோடு ஏறின வண்டியில். பாரம் இருந்தால் பட்டை அமுங்கும், வண்டி தரையோடு படிந்து தொட்டில் மாதிரி வரும். காலி வண்டி அப்படியில்லை. சின்னக் கல்லுக்கும் எகிறும். இது நேற்று வேலைக்குச் சேர்ந்த கிளீனருக்குக் கூடத் தெரியும். காலமெல்லாம் அதில் சம்பாதித்த எனக்கு, அன்றைக்கு மட்டும், என் வண்டி காலி என்பது ஞாபகத்துக்கே வரவில்லை.

திருச்செங்கோடு தாண்டும் வரை பூ மாதிரித்தான் வந்தேன். மல்லசமுத்திரம் தாண்டினதும் ஒரு வேகத்தடை. புதுசாகப் போட்டு, வெள்ளைக் கோடு அடிக்காமல் விட்டிருந்தார்கள். பார்த்து மிதித்தேன், ஆனாலும் பின்பக்கம் தூக்கிப் போட்டது. உன் மடியிலிருந்த டிஸ்க், வயர் மாட்டினபடியே எகிறிப்போய் இரும்புத் தரையில் விழுந்தது. நான் வண்டியை ஓரம் கட்டி இன்ஜினை அமர்த்தினேன். அப்போது அந்தச் சத்தம் கேட்டது. டிக். டிக். டிக். கெட்டுப்போனால் சத்தம் போட்டுச் சொல்லும் என்று நான்தானே அவ்வளவு பெருமையாகச் சொன்னேன்? சொன்ன வாக்குத் தவறாமல் சொல்லிற்று.

நீ கத்தியிருக்கலாம். “படிச்சுப் படிச்சுச் சொன்னனே” என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் அதற்குத்தான் காத்திருந்தேன். கேட்டிருந்தால் நானும் பதிலுக்கு இரைந்து, இரண்டு நாள் பேசாமல் இருந்து, உன் அம்மா நடுவில் புகுந்து எல்லாம் சரியாகியிருக்கும். நீ வயரைப் பிடுங்கி, டிஸ்கைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தாய். அப்புறம், “லோடுக்கு நேரமாச்சுங்களாப்பா, போலாமுங்க” என்றாய். அவ்வளவுதான். வெண்ணந்தூர் வருகிற வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாய்.

அதை எடுத்துக்கொண்டு கோயமுத்தூர் வரை போனாய். தட்டில் கீறல் விழுந்துவிட்டது, ஒன்றும் எடுக்க முடியாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வரவேற்பு முழுக்க இரண்டாவது டிஸ்கில் ஏறியிருந்தது. பந்தி கார்டில் இருந்தது. தாலி கட்டினது மட்டும் இல்லை. பெண் வீட்டுக்கு நேரில் போய்ச் சொல்ல வேண்டும் என்று நீ கிளம்பினபோது, “நானும் வாரேன்” என்று சட்டையை மாட்டிக்கொண்டேன். மகனுக்குத் துணையாகப் போகிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

அந்த வீட்டில் நடந்தது உனக்கும் தெரியும். ஆனாலும் நான் நின்ற இடத்திலிருந்து எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன். நீ நாற்காலியில் உட்காரவில்லை. “என் தப்புங்க ஐயா. காப்பி எடுக்கறதுக்கு முந்தி டிஸ்க் போயிருச்சுங்க. போட்டோ எல்லாம் பத்திரமா இருக்குதுங்க, வீடியோவுல முகூர்த்தம் மட்டும் இல்லீங்க” என்றாய். லாரி என்ற வார்த்தை உன் வாயில் வரவே இல்லை. அவர் கோபப்படுவார் என்று நான் பார்த்தேன். அவர் தறிச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தாமல் சொன்னார்: “போட்டோ இருக்குது தம்பி. ஆனா தாலி கட்டற நேரத்துல எம்புள்ள ஒரு தடவை என்னையத் திரும்பிப் பார்த்துச்சு. எனக்குக் கண்ணு மறைச்சுருச்சு, சரியாப் பாக்க முடியல. போவுது, வீடியோவுல பார்த்துக்கலாம்னு இருந்தேன்.”

நீ தலையைக் குனிந்துகொண்டாய். அவர் உன் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “இந்தக் காலத்துல யாருங்க வந்து நேர்ல சொல்றாங்க? பையனை நல்லா வளர்த்திருக்கீங்க” என்றார். சாமி, நான் அதற்கு என்ன சொன்னேன் தெரியுமா? உனக்குக் கேட்டிருக்கும். “ஏதோ, நம்மனால ஆனதுங்க” என்றேன். கையைக் கூடக் கூப்பினேன். மண்டபத்தில் இரண்டு தடவை பாயசம் வாங்கிக் குடித்த மாதிரி, அந்தப் பாராட்டையும் கை நீட்டி வாங்கிக்கொண்டேன்.

அதற்கப்புறம் வந்த கல்யாணங்களையெல்லாம் நீ நன்றாகத்தான் பிடித்துக் கொடுத்தாய். முகூர்த்த மாதம் முடிந்தது. ஒரு நாள் பெங்களூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது, பிறர் எடுத்த படத்தை வெட்டி ஒட்டுகிற வேலை என்றாய். ஸ்டுடியோவைக் காலி செய்த அன்று நான்தான் நம் வண்டியில் சாமான் ஏற்றினேன். கேமராவைத் துடைத்துப் பெட்டியில் வைத்ததோடு சரி, நீ திறந்து நான் பார்க்கவில்லை. ஒரு முனகல், ஒரு சண்டை, ஒரு டிக் டிக் கூட இல்லாமல் நின்றுபோனாய். இன்ஜினில் எந்த வால்வு தட்டுகிறது என்று தூக்கத்தில் சொல்கிற என் காதுக்கு, அடுத்த அறையில் இருந்த உன்னைக் கேட்கத் தெரியவில்லை.

சரி, வாங்கின சாமானைப் பற்றிச் சொல்கிறேன். ஏமாந்து வாங்கினேன் என்று நினைத்துவிடாதே. அந்தக் கடைப் பெண்ணை நான் கேட்ட கேள்வியில் அவளே ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டு, “உக்காந்து கேளுங்க அங்கிள்” என்றாள். நீ அன்றைக்குச் சொன்னதையெல்லாம்தான் அவளும் சொன்னாள். சொந்த மகன் சொல்லிக் கேட்காதவன், கடையில் போய்க் கேட்டு மண்டையை ஆட்டினேன். கீழே விழுந்தாலும் வண்டி குதித்தாலும் ஹார்டு டிஸ்க் மாதிரி இது போகாது. வேகமும் அப்படி. நீ மூலையில் உட்கார்ந்து காத்திருந்தாயே, அந்தக் காப்பியெல்லாம் இதில் நான் பந்தியில் எழுந்து கை கழுவுவதற்குள் ஏறியிருக்கும். அதைக் கேட்டபோது என்னால் அந்த ஸ்டூலில் உட்கார முடியவில்லை. எழுதி அழித்து, எழுதி அழித்துத் தேயுமாம், டயர் பட்டன் தேய்வது மாதிரி. ஆனால் வீட்டு உபயோகத்துக்கு ஓட்டுகிற ஓட்டத்துக்கு அந்த டயர் தேய்வதற்குள் வண்டியே பழசாகிவிடும் என்றாள். பேர் தெரியாத மலிவுச் சரக்கு மட்டும் ஆகாது. வெளியே பெரிய கொள்ளளவாக எழுதியிருக்கும், உள்ளே அவ்வளவு இருக்காது, நிரம்பினதும் ஏற்கெனவே இருந்ததை அழித்துக்கொண்டு மேலேயே எழுதும். நான் பேரம் பேச வாயெடுத்துவிட்டு அதைக் கேட்டதும் மூடிக்கொண்டேன்.

உன் அம்மா அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “கல்யாணம் முடிஞ்சதும் நகையோட பேங்க் லாக்கர்ல வெச்சுரலாங்க” என்றாள். அதுவும் கூடாதாம். கரண்டே காட்டாமல் வருஷக்கணக்கில் பூட்டி வைத்தால் உள்ளே இருப்பது மெல்ல மெல்ல அழிந்து போகுமாம், அதுவும் நம் ஊர் வெயிலுக்கு. அவ்வப்போது எடுத்து மாட்டி, திறந்து பார்க்க வேண்டும். இதை மட்டும் எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஷெட்டில் நிறுத்தின வண்டியை வாரம் ஒரு தடவையாவது ஸ்டார்ட் பண்ணாவிட்டால் பேட்டரி இறங்கிவிடும். நாம் இரண்டு பேரும் அந்த ஒரு நாளை அப்படித்தானே பூட்டி வைத்திருக்கிறோம்?

ஆகவே, வாங்கலாமா என்று அன்றைக்கு நீ கேட்டதற்கு என் பதில் இது: வாங்கு சாமி. தாராளமாக வாங்கு. ஆனால் நான் அன்று பிடித்த பிடியிலும் ஒரு பிடி சரிதான். அது போகும்போது சொல்லிக்கொண்டு போகாது. அதனால்தான் இரண்டு. ஒரு காப்பி உன்னிடம், ஒரு காப்பி இங்கே. பழைய ஹார்டு டிஸ்க் ஒன்றிலும் போட்டு, ஆடாமல் அசையாமல் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம், அது விலையும் குறைவு. எதையும் வண்டியில் ஓடவிட்டுக்கொண்டு போக வேண்டாம். நானே வந்து ஓட்டுகிறேன் என்றாலும் வேண்டாம். கட்டிக்கப்போகிற பெண்ணிடம் மட்டும் என்னிடம் இருந்த மாதிரி இருந்துவிடாதே. மனசு நோகும்போது கொஞ்சம் சத்தம் போடு. அவளுக்கு என்னை விட நல்ல காது இருக்கும், ஆனாலும் போடு.

போன ஞாயிற்றுக்கிழமை நானும் உன் அம்மாவும் பத்திரிகை வைக்கப் பள்ளிபாளையம் போனோம். நீ எழுதிக் கொடுத்த பேர்களில் அந்தப் பெண்ணின் அப்பா பேர் இல்லை. நானாகத்தான் போனேன். தறி இன்னும் ஓடுகிறது. மகள் வந்திருந்தாள், அவளுடைய குழந்தை அவர் மீசையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. பத்திரிகைத் தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு சந்தோஷமாக உட்காரச் சொன்னார். காபி வந்தது.

“தம்பி எப்படி இருக்குதுங்க? அவுரு கல்யாணத்துக்கு யாருங்க வீடியோ?”

“வீடியோ வேண்டாங்கறானுங்க.”

அவர் குழந்தையின் கையை மீசையிலிருந்து எடுத்துவிட்டார். “அன்னைக்கு நடந்ததுனாலங்களா? அடடா. அதையின்னும் மனசுல வெச்சுட்டிருக்குதா தம்பி? ஏதோ சின்னப் பையன், அனுபவம் பத்தல, கை தவறிருச்சு. அதுக்கென்னுங்க?”

உன் அம்மா என்னைப் பார்த்தாள். எனக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. டம்ளரைத் தூக்கிக் காபியை ஒரே மூச்சில் குடித்தேன். “குடும்பத்தோட வந்துருங்க” என்றேன். வெளியே வந்து வண்டியில் ஏறினதும் உன் அம்மா கேட்டாள், “ஏனுங்க, சொல்லுவீங்கன்னு பார்த்தேன்?” “காபி ரொம்பச் சூடா இருந்துச்சு” என்றேன். அவள் திருச்செங்கோடு வரை என்னோடு பேசவில்லை.

அவர் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். வருவார், சொன்னால் வருகிற மனுஷர். ராசிபுரத்தில் வீடியோ எடுக்கிற ஒருத்தரிடம் பேசி வைத்திருக்கிறேன், நீ சரி என்று சொல்லும் வரை முடிவு சொல்லமாட்டேன். என் ஆசையெல்லாம் ஒன்றுதான். தாலி கட்டுகிற நேரத்தில் நீ எங்களைத் திரும்பிப் பார்ப்பாயோ என்னவோ, பார்த்தால் எனக்கும் கண் மறைக்கும். அப்புறம், அவர் உன் கையைப் பிடித்து வாழ்த்த மேடை ஏறும்போது நான் பக்கத்தில் நிற்பேன். கேமரா ஓடிக்கொண்டிருந்தால் என்னால் அன்றைக்கு மாதிரி கை கூப்பித் தப்பிக்க முடியாது. கையில் காபியும் இருக்காது. சொல்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. அந்த வீட்டில் உன் பக்கத்தில் நின்றபோது சொல்லியிருக்க வேண்டியது, போன ஞாயிற்றுக்கிழமையும் தொண்டையில் நின்றது, இதுதான்:

“ஏனுங்க, எம்பையன் கை தவறலீங்க. காப்பி ஏறி முடியட்டும்னு அவன் சொன்னான். வண்டிய ஓட்டினது நானுங்க.”